மலிவு பிளானில் வலைப்பதிவு முகவரி: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

பெங்களூரில் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இருந்துகொண்டு தமிழில் வலைப்பதிவு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பிளாகர், வேர்ட்பிரஸ்.காம் போன்ற சேவைகளில் இலவசப் பிளானையோ அதற்கு அடுத்த மலிவான பிளானையோதான் எடுக்கிறார்கள். பத்து இடுகைகள் ஏறியதும் முகவரியின் நடுவில் நிற்கும் ஆண்டும் மாதமும் கண்ணை உறுத்தத் தொடங்குகின்றன. அதை நீக்கும் அவசரத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முகவரியில் மூன்று பகுதிகள் உண்டு: முன்னால் டொமைன் (தளத்தின் பெயர்), நடுவில் தேதியோ வகையோ வரும் கட்டமைப்பு, கடைசியில் ஒவ்வோர் இடுகைக்கும் உரிய ஸ்லக், அதாவது பெரும்பாலும் தலைப்பிலிருந்து எடுக்கப்படும் சொற்கள். மலிவு பிளான்களில் பொதுவாக நடுப்பகுதி நம் கையில் இராது. பிளாகரில் ஆண்டும் மாதமும் எல்லாருக்கும் உண்டு, எவ்வளவு பணம் கொடுத்தாலும் போகாது. வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் தளங்களில் ஆண்டு, மாதம், நாள் மூன்றும் வரும். எந்தப் பிளானில் இதை மாற்ற முடியும் என்பது அவ்வப்போது மாறுவதால், நண்பர் சொன்னதை நம்பிப் பணம் கட்டாமல், கட்டுகிற அன்றைக்கு அந்தப் பிளானின் விவரப் பக்கத்தில் பர்மாலிங்க் (இடுகையின் நிலையான முகவரி) பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட வேண்டும்.

தேதியை நீக்குவதற்காகவே மேல் பிளானுக்குப் போவது முதல் தவறு. தேதி இருந்தால் கூகுள் பின்னுக்குத் தள்ளிவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. முகவரியில் உள்ள சொற்களால் மட்டும் தேடல் வரிசையில் பெரிய மாற்றம் நேர்வதில்லை என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. அந்தப் பணத்தைச் சொந்த டொமைனுக்குச் செலவிடுவதே மேல், ஏனென்றால் நாளை வேறு சேவைக்கு மாறினாலும் அது கூடவே வரும்.

இன்னொரு குறுக்கு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. ‘எங்களைப் பற்றி’ போன்றவற்றுக்கான தனிப் பக்கங்களின் முகவரியில் தேதி வராது என்பதைக் கண்டுபிடித்தவர்கள், எழுதுகிற எல்லாவற்றையும் இடுகையாகப் போடாமல் பக்கமாகவே வெளியிடுகிறார்கள். முகவரி சுருங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பக்கங்களுக்கு வகையும் குறிச்சொல்லும் கிடையாது, புதிய இடுகைகளை வாசகருக்கு அனுப்பும் ஓடையிலும் (ஃபீட்) அவை சேர்வதில்லை. ஆகவே தளத்தைப் பின்தொடர்கிற வாசகருக்குப் புதிதாக எதுவும் வந்ததாகவே தெரியாது.

தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது ஸ்லக்கை. தலைப்பைத் தமிழில் வைத்துவிட்டு ஸ்லக்கைத் தொடாமல் விட்டால், பிளாகர் அந்தத் தலைப்பை அறவே ஒதுக்கிவிட்டு ‘பிளாக்-போஸ்ட்’ என்று பெயரிட்டு, அடுத்தடுத்த இடுகைகளுக்குப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்றுக்கொள்ளும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முகவரிகளில் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் 3 பைட்; முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரிவதால், ஒரு குறியீட்டுக்கு 9 இடம் போய்விடுகிறது. ‘பெங்களூரு’ என்ற சொல்லில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியுமாக 9 குறியீடுகள் இருக்கின்றன, அதாவது 81 இடம். வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்கு ஒதுக்கியிருப்பது மொத்தமே 200. ‘அல்சூர் சோமேஸ்வரர் கோயிலின் தூண்கள்’ என்று தலைப்பிட்டால், ‘கோயிலின்’ என்ற சொல்லின் நடுவிலேயே ஸ்லக் அறுபடும். தூண்கள் வந்து சேரவே மாட்டா. அதே இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது நீளமான சதவீதக் குறி வரிசையாகத் தெரிவதுண்டு; அதை ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடாமல் விடுகிறவர்களைக் குறைசொல்ல முடியாது.

தமிழ் ஸ்லக் தவறு என்று நான் சொல்லவில்லை, கூகுள் அதைப் படித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்ள முடியுமானால் தமிழிலேயே வைக்கலாம். இல்லையென்றால் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களை, அடிக்கோடு இல்லாமல் சிறுகோடு இட்டு எழுதுவது நல்லது. ஒரே ஊர்ப்பெயரை ஓர் இடுகையில் அல்சூர் என்றும் அடுத்ததில் ஹலசூரு என்றும் எழுதாமல், ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நிற்க வேண்டும். இதையெல்லாம் வெளியிடும் முன்பே செய்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம், குறிப்பாகப் பிளாகரில், ஏனென்றால் அங்கே வெளியான இடுகையின் முகவரியை அப்படியே திருத்திக்கொள்ள வழியில்லை.

பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் மலிவான ஷேர்ட் ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் மென்பொருளைத் தாமே நிறுவிக்கொண்டவர்களுக்குக் கட்டமைப்பை மாற்றும் உரிமை முழுமையாக உண்டு, ஆபத்தும் அங்கேதான் அதிகம். மாற்றியதும் முகப்பு மட்டும் திறந்து, எந்த இடுகையைத் தொட்டாலும் ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழை வந்தால், இடுகைகள் அழிந்துவிட்டதாகப் பதறிக் காப்புநகலைத் தேட வேண்டாம். சர்வரில் முகவரி மாற்று விதிகள் எழுதப்படவில்லை என்பதே அநேகமாகக் காரணம். பர்மாலிங்க் அமைப்புப் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் மறுபடி ‘சேமி’ என்று அழுத்தினாலே பல சமயம் சரியாகிவிடும், ஆகாவிட்டால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அந்த விதிகளை இயக்கும் ரீரைட் வசதி இயங்குகிறதா என்று கேட்கலாம். கட்டமைப்பில் வகையின் பெயரைச் சேர்ப்பதையும் தவிர்க்கவே சொல்வேன்: ‘சமையல்’ என்ற வகையின் ஸ்லக்கை ‘உணவு’ என்று என்றைக்காவது மாற்றினால், அதன் கீழுள்ள அத்தனை இடுகைகளின் முகவரியும் சேர்ந்து மாறிவிடும்.

மாற்றித்தான் தீர வேண்டும் என்றால், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் இருக்கிறதா என்று பழைய இணைப்புகளில் சிலவற்றைக் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சரியான ரீடைரக்ட் ஆகாது, ஒவ்வொன்றும் தன் இடுகைக்கே போக வேண்டும். குறைந்தது ஓராண்டாவது அதை வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது; செலவில்லை என்பதால் எடுக்காமலே விட்டுவிடலாம்.

டொமைன் வாங்கும்போது முதலாண்டுச் சலுகை விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பார்க்க வேண்டும். தளத்தை வடிவமைத்துத் தருகிறவரே டொமைனையும் தம் பெயரில் பதிவு செய்துவிடுவது இங்கே சிறு கடைகளுக்கும் வீட்டுச் சமையல் தொழில் நடத்துகிறவர்களுக்கும் அடிக்கடி நேர்கிறது. பதிவு உங்கள் பெயரிலும், புதுப்பிப்பு நினைவூட்டல் உங்கள் மின்னஞ்சலுக்கும் வரும்படி முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.