மறைந்த கருந்திட்டு மறுபடி வந்தால் முதலில் இதைப் பாருங்கள்

மூன்று மாதம் பொறுமையாகக் களிம்பு தடவி, ஒருவழியாக மங்கிப்போன திட்டு நான்காவது மாதம் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். களிம்பு சரியில்லை என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குவோம். பல நேரம் குறை களிம்பில் இருக்காது. சுவருக்குள் நீர் கசிந்துகொண்டிருக்கும்போது மேலே வெள்ளையடித்த கதைதான் இது. கசிவு எங்கே என்று தேடாமல் எத்தனை பூச்சு பூசினாலும் கறை திரும்ப வரும்.

கரும்புள்ளி என்ற ஒரே சொல்லில் நாம் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். மூக்கின் மேல் துளை அடைத்துக்கொண்டு தெரிவதையும் அப்படித்தான் சொல்கிறோம். அதற்கு வைத்தியமே வேறு, அதை விட்டுவிடலாம். இங்கே பேசுவது தோலின் நிறம் மாறித் தங்கிவிடும் திட்டுகளைப் பற்றி.

அதிகம் பேருக்கு வருவது பரு, கடி, சிராய்ப்பு, ஒவ்வாமை என்று ஏதோ ஒன்று ஆறிய இடத்தில் நிற்கும் கருமை. தோல் எங்கே அழன்றாலும் அங்கே தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடுதலாகச் சேரும், மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இன்னும் தாராளமாகச் சேரும். பழுப்பாக இருந்தால் மேல்தோலில் இருக்கிறது, சில மாதங்களில் மங்கும். நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஆழத்தில் இறங்கிவிட்டது, வருடக் கணக்கில்கூட நிற்கலாம். இந்த வகை திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பரு இன்னும் அடங்கவில்லை, அல்லது நீங்கள் அதைக் கிள்ளுகிறீர்கள். (கண்ணாடி முன் நிற்கும்போது கை தானாகப் போகும் என்பது எனக்கும் தெரியும்.) பருவுக்கு வைத்தியம் பார்க்காமல் திட்டுக்கு மட்டும் பார்ப்பது வீண் செலவு.

இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மேலுதட்டுக்கு மேலும் ஜோடியாகப் படர்ந்தால் அது மங்கு (மெலாஸ்மா) ஆக இருக்கலாம். வெயிலும் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் தலைகாட்டும். இதை ரத்த அழுத்தம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: கட்டுக்குள் வைக்கலாம், ஒரேயடியாக ஒழிந்தது என்று விட்டுவிட முடியாது. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்தால் அது அழுக்கு இல்லை, தேய்த்தால் இன்னும் கறுக்கும். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம், சர்க்கரையைப் பரிசோதித்துப் பாருங்கள்.

இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். வட்டமாக ஒரு திட்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், முதலில் சிவந்து அரிக்கும் அல்லது எரியும், அப்புறம் கருத்து நிற்கும். உதடு, கை, பிறப்புறுப்பு என்று எங்கும் வரலாம். இது சில மாத்திரைகளுக்குத் தோல் காட்டும் எதிர்ப்பு. வலி மாத்திரைகள், சல்ஃபா வகை மருந்துகள், சில ஆன்டிபயாட்டிக்குகள் வழக்கமான குற்றவாளிகள். சோப்பு, பவுடர், தண்ணீர் எல்லாவற்றையும் சந்தேகப்படுவோம், எப்போதோ தலைவலிக்குப் போட்ட ஒரு மாத்திரை மட்டும் நினைவுக்கு வராது. கண்டுபிடித்துவிட்டால் அந்த மருந்தின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு இனி பார்க்கும் எல்லா மருத்துவரிடமும் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப எடுத்தால் திட்டுகளின் எண்ணிக்கையும் கூடலாம்.

இதையெல்லாம் மனக்கணக்கில் பிடிக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஜன்னல் பக்கம், ஒரே நேரத்தில் போட்டோ எடுங்கள். புதிதாகப் போட்ட க்ரீம், தலைச்சாயம், வாசனைத் திரவியம், மாத்திரை, முடி அகற்றிய நாள், வெயிலில் அலைந்த நாள் எல்லாவற்றையும் போனிலேயே குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் ஏதாவது பிடிபட வாய்ப்பு உண்டு.

சரி, இனி தடவுவது. சன்ஸ்கிரீன் இல்லாமல் மற்றது எதுவும் நிற்காது. எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேல், யுவிஏ என்ற புற ஊதாக் கதிரையும் தடுப்பதாக இருக்க வேண்டும். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். ஒரு பொட்டு அளவு எடுத்துத் தடவுவது தடவாததற்குச் சமம். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. ஜன்னல் கண்ணாடி வழியாக யுவிஏ உள்ளே வரும் என்பதால் வீட்டுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் விலக்கு இல்லை. மங்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே அதைத் தூண்டும், அதனால் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீனைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அந்த வெளிச்சத்துக்கு அதிகம் கறுப்பது நம் தோல்தான்.

அப்புறம் மருந்து, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. அசெலாயிக் அமிலம் 15 முதல் 20 சதவீதம், அல்லது நியாசினமைடு 5 சதவீதம் வரை, தொடங்க நல்ல இடம். ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) என்றால் இரவில், பட்டாணி அளவு, முதலில் வாரம் இரண்டு நாள். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் அதைத் தொட வேண்டாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். எரிச்சல் எடுத்தால் "வேலை செய்கிறது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள், அந்த எரிச்சலே அடுத்த திட்டுக்கு விதை.

ஹைட்ரோகுவினோன் என்ற நிறம் குறைக்கும் மருந்து நன்றாகவே வேலை செய்யும், ஆனால் மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும். வருடக் கணக்கில் தடவி முகம் நீலக் கறுப்பாக மாறியவர்கள் உண்டு. ஸ்டீராய்டு கலந்த க்ரீம் இன்னும் மோசம். முதல் வாரமே முகம் பளிச்சென்று ஆகும், நிறுத்தியதும் சிவந்து எரிந்து பருவும் கருமையும் சேர்ந்து வரும், தோல் மெலிந்துபோகும். ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கும், பொருட்பட்டியல் இல்லாத க்ரீமில் பாதரசமும் இருக்கலாம். 2017இல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச ஒப்பந்தம் அதைத் தடுக்கிறது, இருந்தும் விற்கிறார்கள். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம்: அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் புண்ணாகிப் புதுக் கறை வரும்.

மங்கியதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடுவதுதான் திரும்ப வருவதற்கு இன்னொரு பெரிய காரணம். மென்மையான மருந்தாக இருந்தால் தினமும் தடவியதை வாரம் இரண்டு மூன்று நாளாகக் குறையுங்கள், சன்ஸ்கிரீனை மட்டும் நிறுத்தாதீர்கள். முதுகும் தோளும் தேய்த்துத் தேய்த்தே கறுத்திருந்தால், நார் போட்டுக் குளிப்பதை விடுவதுதான் முதல் வேலை.

ஒரே ஒரு புள்ளி மட்டும் வளர்கிறது, ஓரம் ஒழுங்கில்லை, பல நிறம் கலந்திருக்கிறது, 6 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது, ரத்தம் வருகிறது, ஆறவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு அடியில் புதிதாக வரும் கறுப்பையும் காட்டுங்கள், கறுப்புத் தோலில் தோல் புற்றுநோய் ஒளிந்திருக்கும் இடங்கள் அவை. போகும்போது அந்தப் போட்டோக்களோடு, தடவிய க்ரீம் டியூபுகளையும் விழுங்கிய மாத்திரை அட்டைகளையும் வெட்கப்படாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.