ஸ்டீயரிங் கோணலா, பெடல் நடுங்குகிறதா? எதை முதலில் சரிசெய்வது

கணினிப் பந்தயத்தில் கார் ஒரு பக்கமாக இழுத்தால் பலரும் முதலில் கை வைப்பது விளையாட்டின் டெட்ஸோனில் (சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் அளவு). அது கடைசியில் தொட வேண்டிய இடம். முதலில் கணினியில் செருகும் ஸ்டீயரிங், அடுத்து அதன் மென்பொருள், பிறகுதான் விளையாட்டு.

லாஜிடெக் ஜி29, ஜி923 போன்றவை மின்சாரமும் யுஎஸ்பியும் கிடைத்ததும் இடம், வலம் முழுக்கச் சுழன்று தாமாகவே நடுவைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சில நொடிகள் கையும் காலும் படக்கூடாது. சுழலவே இல்லையா? அடாப்டரைப் பாருங்கள், சுவர் சாக்கெட்டின் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். யுஎஸ்பி கேபிளை ஹப்பில் செருகாமல் கணினியிலேயே செருகுவது நல்லது. வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு நேரமென்றால் பெடலுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். பிரேக்கை மிதிக்கும் சத்தம் நேராகக் கீழ்வீட்டுக்கு இறங்கும்.

இனி விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பட்டியலைத் திறந்து, ப்ராப்பர்ட்டீஸில் சோதித்துப் பாருங்கள். அங்கேயே இருக்கும் ‘கேலிபிரேட்’ பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம். ஸ்டீயரிங் ஏற்கெனவே திருத்திய அளவைத்தான் அனுப்புகிறது. அதன்மேல் விண்டோஸ் இன்னொரு திருத்தம் போட்டால் நடு விலகும். முன்பே அழுத்தியிருந்தால் ‘ரீசெட் டு டிஃபால்ட்’ கொடுங்கள்.

பெடல்கள்தான் அதிகம் படுத்தும். ஒவ்வொரு முறை இணைத்ததும் மூன்றையும் அடிவரை இரண்டு மூன்று தடவை மிதியுங்கள். அப்போதுதான் அவற்றின் முழு வீச்சு பதிவாகும். சோதனைத் திரையில் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே கோட்டில் எதிரெதிராக நகர்ந்தால், லாஜிடெக்கின் மென்பொருளான ஜி ஹப்பில் ‘கம்பைண்ட் பெடல்ஸ்’ போட்டிருக்கிறது, அணைத்துவிடுங்கள். காலை எடுத்த பிறகும் கோடு துள்ளினால் உள்ளே பெடலின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு. இணைப்பைக் கழற்றி, மின்னணுப் பாகங்களுக்கான கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, பெடலை இருபது முப்பது தடவை அசைத்து, நன்றாக உலரவிடுங்கள். துருநீக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அது தூசியைச் சேர்க்கும்.

ஜி29 பிரேக்கில் ரப்பர் கட்டை இருப்பதால் 100 சதவீதத்தைத் தொடுவது கடினம். உறுதியாக மிதித்தாலே முழு பிரேக் வரும்படி விளையாட்டிற்குள் பிரேக்கின் உச்ச அளவைக் குறையுங்கள்.

சுழற்சிக் கோணம்: ஜி29க்கு மென்பொருளில் 900 டிகிரி, த்ரஸ்ட்மாஸ்டர் டி300க்கு 1080 வரை. அதே எண்ணை விளையாட்டிலும் கொடுங்கள். ஃபார்முலா கார் ஏறக்குறைய 360, ஜிடி3 கார் 500ஐ ஒட்டி என்று காருக்குக் கார் மாறுவதைப் பல சிமுலேட்டர்கள் தாமே பார்த்துக்கொள்ளும். கையில் 90 டிகிரி திருப்பினால் திரையிலும் 90 திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் இரண்டு இடத்திலும் எண் ஒத்துப்போகவில்லை.

ஸ்டீயரிங் டெட்ஸோன் 0. பெடலுக்கு, கால் சும்மா பட்டாலே வேலை செய்தால் மட்டும், 1 அல்லது 2 சதவீதம். ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை, அதாவது ஸ்டீயரிங் கைக்குத் தரும் எதிர்விசையை, கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை: அசெட்டோ கோர்ஸா என்ற பந்தய விளையாட்டின் பெடல் காட்டியில் அந்த விசையைக் காட்டும் பட்டை வளைவெங்கும் சிவப்பாகவே நின்றால் விசை வெட்டுப்படுகிறது, டயரின் நுணுக்கம் கைக்கு வராது. கெர்ப் (தடத்தின் ஓரத் திட்டு) மேல் ஏறும்போது மட்டும் சிவப்பு மின்னும்வரை கெயினை, அதாவது விசையின் அளவை, குறையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓட்ட ஓட்ட நடு நகர்ந்துகொண்டே போனால் மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளிருந்து சுழற்சியை அளக்கும் என்கோடர் தட்டைச் சந்தேகிக்க வேண்டும். பழைய ஜி25, ஜி27இல் அது விரிசல் விடுவது தெரிந்த கதை. உத்தரவாதம் இருந்தால் திறக்காதீர்கள். பழையது வாங்கும்போது விற்பவரையே செருகச் சொல்லி, வேகமாகப் பலமுறை கோடிக்குக் கோடி திருப்பிவிட்டு, நடு அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.