கட்டாரிலிருந்து வந்தவர் திரும்பவும் கட்டாருக்குப் போகாமலிருக்க

கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் எனக்கு ஒரு கராஜ் இருக்கிறது. உழவு மெசின், லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின், நெல் வெட்டும் மெசின் எல்லாம் திருத்துகிறோம். கட்டாரில் எட்டு வருசம் ஹைட்ரோலிக் வேலை, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பாகங்களைத் திருத்தும் வேலை செய்த ஒருவர் என்னிடம் சேர்ந்து ஐந்தாம் மாதமே திரும்பப் போய்விட்டார். அடுத்தவர் திருச்சியில் டீசல் பம்ப் வேலை பழகி, அகதி முகாமிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். ஆறு வருசமாக இருக்கிறார். முதலாமவரிடம் நான் விட்ட பிழைகளிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாட்கூலியை விடுங்கள். எங்கள் வேலை நெல்லோடு போவது. மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு. இரவு பத்து மணிக்கும் வெல்டிங் வெளிச்சம் எரியும். சிறுபோகம் இரணைமடுத் தண்ணியைப் பொறுத்தது. குளம் குறைந்தால் விதைப்புக் காணியும் குறையும், மெசினும் வராது. ஊரிலேயே இருந்தவர் அந்த நேரம் தோட்டம் கொத்துவார், கடையில் கடன் சொல்லுவார். மாதாமாதம் வங்கியில் சம்பளம் விழுந்து பழகியவர் மூன்று கிழமை சும்மா இருந்தால் நாலாம் கிழமை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் கோல் எடுப்பார். இப்போது மாதச் சம்பளம் கொடுக்கிறேன். வேலையில்லாத காலத்தில் பழைய லான்ட்மாஸ்டர் ஒன்றை வாங்கித் திருத்தி விற்கிறோம். பெரிய லாபமில்லை, சம்பளக் காசு வந்துவிடும்.

ஊழியர் சேமலாப நிதியையும் கட்டுங்கள். உங்கள் பங்கு 12 சதவீதம், அவருடையது 8. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் இன்னொரு 3. வேலையை முடித்து வரும்போது கட்டார் சட்டப்படி வருசத்துக்குக் குறைந்தது மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம் என்று கணக்குப் பார்த்து வாங்கி வந்தவரிடம், ‘இங்கே அப்படி ஒன்றும் இல்லைத் தம்பி’ என்று சொன்னவன் நான். வெட்கம்தான்.

அப்புறம் கருவிகள். வந்த இரண்டாம் நாளே முதலாமவர் பிரஷர் கேஜ் கேட்டார். எண்ணெய் அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் காட்டும் கருவி அது. “பம்பா, வால்வா எண்டு பாக்காமல் கழட்டக் கூடாது அண்ணை.” நான், “நாங்கள் சத்தத்தை வைச்சே சொல்லுவம்” என்று பெருமையடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பம்பைக் கழற்றிப் பூட்டினோம். பிழை, அழுத்தம் கூடினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வில் இருந்தது. வெட்டுக் காலத்தில் ஒரு வயல்காரருக்கு ஒன்றரை நாள் போயிற்று. அந்தக் கேஜை அவர் போன பிறகுதான் வாங்கினேன்.

ஆனாலும் போவதா இருப்பதா என்பது வீட்டு அடுப்படியில்தான் முடிவாகிறது. இரண்டாமவரின் பிள்ளைகள் இந்தியாவில் பிறந்தவர்கள். குடியுரிமைப் பதிவு முடியும்வரை கிராம அலுவலர், பிரதேச செயலகம், கொழும்பு என்று அலைந்தார். அந்த நாட்களுக்குச் சம்பளம் வெட்டவில்லை. இரவு பஸ் காசும் கொடுத்தேன். மூத்தவள் எட்டாம் வகுப்புவரை தமிழ்நாட்டில் படித்தவள். இங்கத்தைய வரலாறு புதிது, சிங்களத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. வகுப்பில் அழுதுகொண்டு இருந்தாளாம். என் மனைவி ஒரு ரீச்சரைப் பிடித்து ரியூசனுக்கு ஒழுங்கு செய்தா. சம்பளத்தைக் கூட்டியதைவிட அதுதான் அவர்களை இங்கே இருக்க வைத்தது என்று நினைக்கிறேன்.

கராஜில் பழைய ஆட்கள் அவரை ‘இந்தியாக்காரன்’ என்று கூப்பிட்டதை முதல் கிழமையே நிறுத்தினேன். பகிடிதான், ஆனால் அவருக்குச் சுட்டது.

அனுபவம் இருந்தும் பேப்பர் இல்லாதவருக்கு, முன்கற்றலை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. விண்ணப்பிக்க உதவுங்கள். சான்றிதழ் கிடைத்தால் பறந்துவிடுவார் என்று சில முதலாளிமார் பயப்படுகிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் முதலாமவர் எந்தச் சான்றிதழும் இல்லாமலே போனார்.

போன மாதம் அவர் வட்ஸ்அப்பில் கதைத்தார். கேஜ் வாங்கியதைச் சொன்னேன். “எத்தனை பார்?” என்றார். 250 என்றேன்.

“காணாது அண்ணை. 400 எடுங்கோ.”