அதிமீயொலி ஊர்தியின் இழுவிசையையும் வெப்பத்தையும் குறைக்கும் முறை

மாக் 5-ஐத் தாண்டி, அதாவது ஒலியைப்போல் ஐந்து மடங்குக்கும் கூடிய வேகத்தில், பறக்கும் ஊர்தியில் இழுவிசை (காற்றின் தடை), வெப்பம் இரண்டையும் ஒரே மாற்றத்தால் குறைப்பது அரிது. பெரும்பாலும் ஒன்று குறைய மற்றது ஏறும். எனவே எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை வரைபடத்தில் கை வைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

முதலில் தேக்க வெப்பநிலையை, அதாவது ஊர்தியின் முன் மோதி நிற்கும் காற்று அடையும் வெப்பநிலையை, கணக்கிட வேண்டும். மாக் எண்ணின் இருமடியை 0.2-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டி, அதைப் புறக்காற்றின் கெல்வின் வெப்பநிலையால் பெருக்குங்கள். புறக்காற்று 220 கெல்வினாக இருந்தால் மாக் 3-இல் ஏறத்தாழ 616 கெல்வினும், மாக் 6-இல் ஏறத்தாழ 1,800 கெல்வினும் வரும். உயர் வெப்பத்தில் காற்றின் வெப்பக் கொள்ளளவு கூடுவதால் இரண்டாவது எண் சற்று மிகையானது. தொடக்கக் கணக்கிற்கு அது பாதுகாப்பான பக்கமே.

அடுத்து மூக்கின் வளைவு ஆரம். கூரான மூக்கு அலை இழுவிசையை (அதிர்ச்சி அலை, அதாவது காற்று திடீரென அமுங்கி உருவாகும் அலை, தரும் தடையை) குறைக்கும், ஆனால் உருகிவிடக்கூடும். காற்று மோதி நிற்கும் தேக்கப் புள்ளியில் பாயும் வெப்பம் ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், ஆரத்தை நான்கு மடங்காக்கினால் அது பாதியாகும், இழுவிசையோ கூடும். மழுங்கிய முகப்பு அதிர்ச்சி அலையை உடலிலிருந்து விலக்கி நிறுத்தி, வெப்பத்தின் பெரும்பகுதியைக் காற்றிலேயே விட்டுவிடுகிறது என்பதை 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர்கள் ஹாரி ஆலனும் ஆல்ஃபிரட் எகர்ஸும் காட்டினர்.

மழுங்கிய முகப்பைத் தவிர்க்க முடியாதபோது அதன் முன்னே மெல்லிய கம்பி ஒன்றை நீட்டலாம். கம்பி நுனியிலேயே அதிர்ச்சி அலை உருவாகி, முகப்பின் முன்னே அழுத்தம் குறைந்த சுழற்சிப் பகுதியை உண்டாக்குகிறது. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் டிரைடன்ட் ஏவுகணைகளில் ஏவியபின் நீளும் கம்பி இதற்காகவே உள்ளது. ஆயினும், கம்பியை விட்டுப் பிரிந்த காற்றோட்டம் முகப்பின் தோளில் (விளிம்பு வளைவில்) மீண்டும் ஒட்டுமிடத்தில் வெப்பம் குவியும். நீளம் பொருந்தாவிட்டால் ஓட்டம் துடிக்கும். தாக்குகோணம் (ஊர்தியின் அச்சுக்கும் எதிர்க்காற்றுக்கும் இடையிலான கோணம்) கூடினால் பயன் சுருங்கும். ஆகவே தோளின் வெப்பத்தைத் தனியே கணக்கிடாமல் கம்பியைப் பொருத்தாதீர்கள்.

பரப்பை வழவழப்பாக வைத்திருங்கள். பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றடுக்கான எல்லைப்படலம் சீரோட்டத்திலிருந்து கொந்தளிப்புக்கு மாறினால் வெப்பமும் உராய்வும் பல மடங்கு உயரும். துருத்திய விளிம்பு ஒன்றே அம்மாற்றத்தை முன்கூட்டியே தூண்டிவிடலாம். பூச்சும் உதவும்: அமெரிக்க உளவு விமானமான எஸ்ஆர்-71-இன் கருப்புப் பூச்சு, ஏற்ற வெப்பத்தைக் கதிர்வீசி வெளியேற்றவும் பயன்பட்டது.

கடைசியாக, வெளியே தொங்கும் ஒவ்வொரு பகுதியிலும் எந்த அதிர்ச்சி அலை வந்து மோதும் என்று வரைந்து பாருங்கள். 1967 அக்டோபர் 3 அன்று எக்ஸ்-15 ரக அமெரிக்கச் சோதனை விமானங்களில் ஒன்று மாக் 6.7-ஐத் தொட்டபோது, அத்தகைய மோதலால் குவிந்த வெப்பம், மாதிரி ராம்ஜெட்டை (எதிர்க்காற்றின் வேகத்தாலேயே காற்றை அமுக்கும் எந்திரம்) தாங்கிய அடித்தண்டைத் துளைத்தது. அந்த விமானம் அதன்பின் பறக்கவே இல்லை.