வீட்டு சர்வரில் கன்டெய்னர்களை விபிஎன் வழியே அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு சர்வரில் ஓடும் ஒரு கன்டெய்னரை (ஒரு செயலியைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) விபிஎன் (நம் போக்குவரத்தை ஒரு மறைச் சுரங்கம் வழியே வேறொரு சர்வருக்குக் கொண்டுபோகும் இணைப்பு) வழியாக அனுப்புவது, கன்டெய்னர்களை இயக்கும் கருவியான டாக்கரின் கம்போஸ் கோப்பில் ஒரு வரியைச் சேர்க்கும் வேலையாகவே முதலில் தோன்றும். டாரன்ட் பதிவிறக்கியான க்யூபிட்டாரன்ட் போன்ற ஒரு செயலியின் கீழ், நெட்வொர்க் மோட் என்ற இடத்தில், க்ளூட்டன் என்னும் விபிஎன் கன்டெய்னரின் பெயரைக் குறித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அந்த வரி உள்ளே என்ன செய்கிறது என்பதை அறியாமல் எழுதியதே, பின்னால் நான் இரவு விழித்துச் சரிசெய்த கோளாறுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காரணம்.

லினக்ஸில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் வழக்கமாக ஒரு தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் உண்டு. அதாவது, தனக்கென ஓர் ஐபி முகவரி, தனக்கென ஒரு வழித்தட அட்டவணை, தனக்கென ஃபயர்வால் விதிகள், தனக்கென போர்ட்கள் (செயலிகள் இணைப்புகளை ஏற்கும் எண்ணிட்ட கதவுகள்). மேற்சொன்ன வரியை எழுதியதும் செயலிக்கு இவற்றில் எதுவுமே சொந்தமாக இருப்பதில்லை. அது க்ளூட்டனின் நேம்ஸ்பேஸுக்குள் ஒண்டுக்குடித்தனம் வந்துவிடுகிறது. வாசல் ஒன்று, அதுவும் வீட்டுக்காரருடையது. இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தவறுகளில் பலவற்றுக்கு விளக்கமே தேவைப்படாது.

முதலாவதாக, போர்ட்டை எங்கே திறப்பது என்பதில் தவறு நேர்கிறது. செயலியின் இணையப் பக்கத்தை மடிக்கணினியிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக, பழக்கதோஷத்தில் செயலியின் கீழேயே 8080 போர்ட்டைக் குறிப்பிடுவார்கள். டாக்கர் அதை ஏற்காமல் பிழைச் செய்தி காட்டும். அந்தப் போர்ட்டை க்ளூட்டனின் கீழ்தான் எழுத வேண்டும். அதே காரணத்தால், வெளியே தனி நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு கன்டெய்னர் இந்தச் செயலியோடு பேச வேண்டுமானால், செயலியின் பெயரைச் சொல்லி அழைத்தால் பதில் வராது. க்ளூட்டனின் பெயரையும் போர்ட்டையும் சொல்லி அழைக்க வேண்டும். உள்ளே குடியிருக்கும் இரண்டு செயலிகள் தமக்குள் பேசிக்கொள்ள, ‘இதே இடம்’ என்பதைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியே போதும். ஆனால் அந்த இரண்டும் ஒரே போர்ட்டைக் கேட்டால் இரண்டாவதாக எழுவது விழுந்துவிடும். க்யூபிட்டாரன்ட், இன்னொரு பதிவிறக்கியான சாப்என்இசட்பிடி ஆகிய இரண்டுமே 8080-ஐ இயல்பாகக் கொண்டவை; க்ளூட்டனே தன் கட்டுப்பாட்டுக்காக 8000-ஐ எடுத்துக்கொள்கிறது.

போர்ட் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் ஒரு போர்ட்டை மூடிவிட்டோம், இனி யாரும் உள்ளே வர முடியாது என்று நம்புபவர்கள் அதிகம். டாக்கர் தான் திறக்கும் போர்ட்களுக்கான விதிகளை, லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் அமைப்பான ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதிவிடுவதால், அந்தப் போக்குவரத்து யுஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் இடத்துக்கு வருவதே இல்லை. அதே கணினியில் உள்ள ரிவர்ஸ் பிராக்ஸிக்கு (வரும் கோரிக்கைகளை உரிய செயலிக்குத் திருப்பிவிடும் இடையாள்) மட்டும் தேவைப்படும் போர்ட் என்றால், அதன் முன் 127.0.0.1 என்று சேர்த்து எழுதுவதே சரியான வழி.

எந்தச் செயலியை விபிஎன் வழியே அனுப்புவது என்பதிலும் நிதானம் வேண்டும். பணம் கட்டி வாங்கும் விபிஎன், நம் வீட்டிலிருந்து வெளியே போகும் போக்குவரத்தை வேறோர் ஊரிலிருந்து போவதாகக் காட்டுவதற்கு உரியது. வெளியூரில் இருக்கும்போது வீட்டு சர்வரை எட்டிப் பார்க்க டெய்ல்ஸ்கேல் சேவையோ, நாமே நிறுவிய வயர்கார்டு என்னும் விபிஎன் நெறிமுறையோ பயன்படுகிறது. இரண்டுக்கும் விபிஎன் என்றே பெயர் இருப்பதால், ஜெல்லிஃபின் (திரைப்படங்கள்), இம்மிச் (புகைப்படங்கள்), ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகள்) என்று வீட்டுக்குள் மட்டும் புழங்கும் செயலிகளையும் ‘பாதுகாப்புக்காக’ க்ளூட்டனுக்குள் தள்ளுகிறார்கள். குறிப்பாக ஹோம் அசிஸ்டன்ட், வீட்டில் உள்ள விளக்குகளையும் பிளக்குகளையும் கண்டுபிடிக்க உள்நெட்வொர்க்கில் எழும் அறிவிப்புகளைக் கேட்டாக வேண்டும். சுரங்கத்துக்குள் அடைத்துவிட்டால் அதற்குக் காது கேட்காது.

இனி, எனக்கு அதிகம் தொல்லை கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். க்ளூட்டன் கன்டெய்னர் ஏதாவதொரு காரணத்தால் நின்று மீண்டும் எழுந்தால், அதற்குப் புதிய நேம்ஸ்பேஸ் கிடைக்கிறது. ஒண்டுக்குடித்தனக்காரர்களோ பழைய வீட்டிலேயே இருக்கிறார்கள். அங்கே இப்போது வாசலும் இல்லை, சுரங்கமும் இல்லை. டாக்கர் பட்டியலில் எல்லாம் ஓடுவதாகவே காட்டும், செயலியின் பக்கம் மட்டும் திறக்காது. புதிய இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) வந்ததும் தானாகப் புதுப்பிக்கும் கருவியை வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. அப்போது க்ளூட்டன் அழிக்கப்பட்டு வேறொரு அடையாள எண்ணோடு புதிதாக உருவாக்கப்படுகிறது. செயலியின் கன்டெய்னரோ தான் உருவான நாளில் எழுதிவைத்த பழைய எண்ணைத் தேடி, அப்படியொரு கன்டெய்னரே இல்லை என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. அதை மறுபடி இயக்கினால் போதாது, மறுபடி உருவாக்க வேண்டும். டாக்கர் கம்போஸ் 2.17 பதிப்பிலிருந்து, எது எதைச் சார்ந்தது என்று குறிக்கும் டிபெண்ட்ஸ் ஆன் பகுதியில் ரீஸ்டார்ட் என்ற அமைப்பை இயக்கி வைத்தால், கம்போஸ் கட்டளை மூலம் க்ளூட்டனை மாற்றும்போது சார்ந்திருப்பவையும் கூடவே மறுதொடக்கம் பெறும். க்ளூட்டன் தானாக விழுந்து டாக்கரால் எழுப்பப்படும்போது இந்த அமைப்பு உதவாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், விபிஎன் கன்டெய்னரைத் தானியங்கிப் புதுப்பிப்பிலிருந்து விலக்கி, மாதம் ஒருமுறை கையால் புதுப்பிப்பதே நிம்மதி.

டிபெண்ட்ஸ் ஆன் பகுதியில் நாம் எழுதும் வரிசை முறை, கம்போஸ் கட்டளையை இயக்கும்போது மட்டுமே மதிக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மின்சாரம் போய் வந்து கணினி தானாக எழும்போது, டாக்கர் சேவை கன்டெய்னர்களைத் தன் போக்கில் எழுப்புகிறது. க்ளூட்டனுக்கு முன் செயலி முந்திக்கொண்டால், ஓடாத கன்டெய்னரின் நெட்வொர்க்கில் சேர முடியாது என்று சொல்லி அப்படியே விழுந்து கிடக்கும். கணினி எழுந்த ஒரு நிமிடத்துக்குப் பின் கம்போஸை இயக்கும் ஒரு சிறிய சேவையை, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் எழுதி வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் இது ஓய்ந்தது.

மின்தடையோடு தொடர்புடைய இன்னொரு சிக்கல் இதைவிட விசித்திரமானது. என் முதல் சர்வர், ராஸ்பெர்ரி பை 4 என்னும் சிறு கணினி. பராமரிப்புப் பணிக்காக மின்சாரம் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தப்பட்டு மதியத்துக்குப் பின் வந்த ஒரு நாளில், பை எழுந்தது, வயர்கார்டு இடைமுகம் எழுந்தது, ஆனால் சுரங்கம் மட்டும் உயிர் பெறவில்லை. அந்தக் கணினியில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. அணையும் முன் சேமித்து வைத்த நேரத்திலிருந்தே அது மறுபடி எண்ணத் தொடங்கும். வயர்கார்டோ ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் (இரு முனைகளும் ஒன்றையொன்று உறுதிசெய்துகொள்ளும் பரிமாற்றம்) ஒரு நேர முத்திரையை வைத்து அனுப்புகிறது. ஏற்கெனவே பார்த்த முத்திரையைவிடப் பழையது வந்தால், யாரோ பழைய பொட்டலத்தைத் திருடி மறுபடி அனுப்புகிறார்கள் என்று கருதி எதிர்முனை சத்தமில்லாமல் அதைத் தள்ளிவிடும். சரியான நேரத்தை இணையத்திலிருந்து பெற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும் பிரச்சினைதான் இது. ஆனால் நான் அப்போது விபிஎன்னைக் கணினி முழுவதற்குமாக நிறுவி, சுரங்கம் இல்லாதபோது எதுவும் வெளியே போகக் கூடாது என்று பூட்டியும் வைத்திருந்தேன். நேரம் சரியாக இருந்தால்தான் சுரங்கம், சுரங்கம் இருந்தால்தான் நேரம். விபிஎன்னைக் கன்டெய்னருக்குள் வைத்து, கணினியை நேரடி இணைப்பிலேயே விட்டுவிட்டால் இந்த முடிச்சு விழுவதில்லை.

பூட்டைப் பற்றிச் சொன்னதால் கசிவுக்கு, அதாவது போக்குவரத்து சுரங்கத்துக்கு வெளியே நழுவிப் போவதற்கு, வருவோம். வயர்கார்டில் ‘இணைக்கப்பட்டது’ என்ற ஒரு நிலையே கிடையாது. இடைமுகம் எழுந்துவிட்டது என்பது சுரங்கம் வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாகாது. கடைசி ஹேண்ட்ஷேக் எப்போது நடந்தது என்பதைப் பார்த்தால்தான் தெரியும். போக்குவரத்து நடந்துகொண்டிருக்கும்போது அது ஏறக்குறைய இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். க்ளூட்டன் தன் நேம்ஸ்பேஸுக்குள் ஃபயர்வால் விதிகளை எழுதி, விபிஎன் சர்வரின் முகவரியைத் தவிர வேறெதற்கும் நேரடி வழியை அடைத்துவிடுவதால், சுரங்கம் அறுந்தால் செயலியும் மௌனமாகிவிடும். இந்தக் காவலை நாமே உடைக்கும் இடம் ஒன்று உண்டு. வீட்டு நெட்வொர்க்கை எட்டுவதற்காக அனுமதிக்கப்படும் வெளி சப்நெட்களின் பட்டியலில் 192.168.1.0/24 என்று நம் வீட்டு வரம்பை மட்டும் எழுத வேண்டியவர்கள், ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்ற எரிச்சலில் 0.0.0.0/0 என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டு வரம்பையும் உலகம் முழுவதையும் ஒன்றாக்கிவிட்டால் பிறகு பூட்டு எதற்கு?

ஐபி முகவரியின் புதிய வகையான ஐபிவி6-ஐ மறந்துவிடுவது இதற்கு அடுத்த கசிவு. இந்தியாவில் இன்று பல இணைப்புகளில் ஐபிவி6 முகவரி கேட்காமலேயே வந்து சேர்கிறது. எந்த முகவரிகள் சுரங்கத்தில் போக வேண்டும் என்று சொல்லும், வயர்கார்டின் அலவ்டு ஐபிஸ் வரியில் 0.0.0.0/0 மட்டும் இருந்து, ஐபிவி6-க்கான ::/0 இல்லாவிட்டால், விபிஎன்னைக் கணினி அளவில் நிறுவியவர்களின் ஐபிவி6 போக்குவரத்து வீட்டு முகவரியோடு நேராக வெளியே போகும். கணினியின் நெட்வொர்க்கையே பகிரும் ஹோஸ்ட் நெட்வொர்க் முறையில் ஓடும் கன்டெய்னர்களுக்கும் இதே கதைதான். தளத்தின் பெயரைச் சொல்லி அதன் ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளும் இவ்வாறு கசியக்கூடியவையே; க்ளூட்டன் அவற்றைத் தானே குறியாக்கம் செய்து அனுப்புகிறது, விளம்பரத் தடுப்புக்காக அதை அணைத்துவிட்டு வீட்டு டிஎன்எஸ் சர்வரான பை-ஹோலைக் காட்டினால் அந்தக் கேள்விகள் பை-ஹோல் வழியாக வழக்கமான இணைப்பிலேயே போகும் என்பதை அறிந்து செய்ய வேண்டும்.

சில தவறுகள் கசிவாகத் தெரியாமல் ‘இன்றைக்கு நெட் சரியில்லை’ என்ற போர்வையில் வரும். சிறிய பக்கங்கள் திறக்கின்றன, பெரிய கோப்புகள் பாதியில் உறைகின்றன என்றால் எம்டியு அளவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) சந்தேகிக்கலாம். 1500 பைட் பொட்டலத்தில் வயர்கார்டின் மேலுறைக்கு அதிகபட்சம் 80 பைட் போக, மீதம் 1420. பிபிபிஓஇ முறையில் வரும் ஃபைபர் இணைப்பில் தொடக்கமே 1492 என்பதால் 1412-க்கு இறங்க வேண்டும். சரியான எண் தெரியாவிட்டால் 1280 வரை இறக்கிப் பார்க்கலாம். ஒரே சாவிக் கோப்பை சர்வரிலும் கைபேசியிலும் போட்டுக்கொள்வதும் இதே வகை. ஒரு சாவிக்கு எதிர்முனை கடைசியாகப் பார்த்த ஒரே ஒரு முகவரியைத்தான் நினைவில் வைத்திருக்கும். இரண்டு கருவிகளும் மாறி மாறிப் பேசும்போது பதில்கள் ஒருவருக்கு உரியது மற்றவருக்குப் போய், இரண்டும் விட்டு விட்டு இயங்கும். கருவிக்கு ஒரு சாவி என்பதே கணக்கு.

டாரன்ட்டில் வெளியிலிருந்து இணைப்பு வரவேண்டும் என்பதற்காக வீட்டு ரவுட்டரில் போர்ட் திறப்பவர்கள் உண்டு. போக்குவரத்து ரவுட்டரைச் சுரங்கமாகக் கடந்து போகும்போது அங்கே எதைத் திறந்தும் பயனில்லை. விபிஎன் சேவைதான் தன் பக்கத்தில் போர்ட் தர வேண்டும். எல்லாச் சேவைகளும் தருவதில்லை. முல்வாட் 2023-இல் அந்த வசதியை நிறுத்திவிட்டது. புரோட்டான் தருகிறது, ஆனால் இணைப்பு மாறும்போது எண்ணும் மாறக்கூடும் என்பதால் செயலிக்கு அதைத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

விபிஎன் சர்வர் இருக்கும் நாட்டைத் தேர்வதிலும் ஒரு குறிப்பு. வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் ஆணையிட்ட பின், எக்ஸ்பிரஸ்விபிஎன் உள்ளிட்ட பல சேவைகள் இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை எடுத்துவிட்டன. பட்டியலில் ‘இந்தியா’ என்று இருந்தாலும் கணினி சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கலாம். அருகில் இருப்பதால் வேகம் கிடைக்கும் என்று எண்ணித் தேர்ந்தெடுப்பவர்கள் பிங் நேரத்தை (சர்வர் பதில் தர எடுக்கும் நேரம்) பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

கடைசியாகச் சோதனை. மடிக்கணினியின் உலாவியில் ஐபி காட்டும் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்தி அடைவது சோதனை ஆகாது. அது மடிக்கணினியின் முகவரியை மட்டுமே சொல்லும். டாக்கர் எக்ஸெக் கட்டளையால் செயலியின் கன்டெய்னருக்குள் போய், அங்கிருந்து கர்ல் என்னும் கட்டளைவரிக் கருவி மூலம் ஐபியைக் கேட்க வேண்டும். பூட்டைச் சோதிக்க க்ளூட்டனை நிறுத்திப் பார்ப்பதும் போதாது, ஏனென்றால் அப்போது வாசலே போய்விடுவதால் பூட்டு இருந்ததா இல்லையா என்பது தெரியவராது. க்ளூட்டன் ஓடிக்கொண்டிருக்க, சுரங்கம் மட்டும் தோற்க வேண்டும். அதற்கு நான் செய்வது, அமைப்புக் கோப்பில் வயர்கார்டு சாவிக்குப் பதிலாக விபிஎன் சேவைக்குத் தெரியாத வேறொரு சாவியை இட்டு, க்ளூட்டனின் உடல்நலச் சோதனைக்குக் காத்திருக்காதபடி செயலியின் டிபெண்ட்ஸ் ஆன் பகுதியிலுள்ள நிபந்தனையைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக எழுப்பி, உள்ளிருந்து கர்ல் கொடுப்பது. பதிலே வராமல் நேரம் கடந்து அறுந்தால் பூட்டு உண்டு; வீட்டு ஐபி வந்தால் மேலே சொன்ன சப்நெட் பட்டியலை முதலில் பார்க்க வேண்டும். சோதனை முடிந்து பழைய சாவியையும் நிபந்தனையையும் திரும்ப வைத்த பின், க்ளூட்டனை மட்டும் எழுப்பிவிட்டுப் போய்விடாதீர்கள்; குடியிருப்பவர்களையும் சேர்த்தே மறுபடி உருவாக்க வேண்டும்.