ரிம் கடைக்குப் போவதற்கு முன்னால்: ஜிம்னி, தார் ஓட்டுபவர்கள் டயர் விஷயத்தில் செய்யும் தவறுகள்

போன மாதம் கோவையில் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறைக்கு ஒரு தம்பி புது மாருதி ஜிம்னி ஜீப்பில் வந்தார். வண்டி எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் 235 மில்லிமீட்டர் அகல டயர், வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் கறுப்பு ரிம். "எப்படிண்ணா இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடிக்கச் சொன்னேன். டயர் பம்பர் ஓரத்தில் போய் உரசியது. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகிவிட்டது. 2023 கடைசியில் நான் செய்ததும் இதே தவறு, இதே வண்டியில்.

என் ஓட்டம் இப்படி: வாரத்தில் ஆறு நாள் அவிநாசி ரோட்டில் ஆபீஸ். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வால்பாறைப் பக்கம் நண்பரின் எஸ்டேட் மண் பாதை. ஆஃப்ரோடு ஆசையில் வண்டி வாங்கும் பெரும்பாலானவர்களுக்கும் கணக்கு இதுதான். அதை மனதில் வைத்தே சொல்கிறேன்.

ரிம்மை முதலில் வாங்குவது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ரிம் கடையில் யாரும் ஆஃப்செட் பற்றிப் பேசுவதில்லை. போல்ட் துளை பொருந்துகிறதா, 15 அங்குலமா, கலர் பிடித்திருக்கிறதா, அவ்வளவுதான். ரிம்மின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில், அதாவது சக்கரத்தை போல்ட் போட்டு மாட்டும் நடுப்பகுதியில், போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ். உள்பக்கம் இருந்தால் மைனஸ். அப்போது சக்கரம் வண்டியை விட்டு வெளியே வந்து நிற்கும்.

ஜிம்னியோடு வரும் ரிம் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் பிளஸ் 5. நான் வாங்கியது 8 அங்குலம், மைனஸ் 20. கணக்குப் போட்டால் ரிம்மின் வெளி விளிம்பு 57 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், டயரின் நடுக்கோடே 25 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்துவிடுகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதற்கும், கையை நீட்டித் தொங்கவிட்டுப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. எடை அதேதான். ஆனால் வலி தோள்பட்டைக்குப் போகிறது. வண்டியில் அந்தத் தோள்பட்டை, வீல் பேரிங்கும், முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னும்.

கடையில் மாட்டிப் பார்த்தபோது எங்கும் உரசவில்லை. காலி வண்டி, சமதளத் தரை, ஸ்டியரிங் நேராக இருந்தது, எப்படி உரசும்? முதல் வாரக் கடைசியில் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. வண்டிக்குள் நான்கு பேர், பின்னால் சாமான். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் முழுசாக ஒடிய, சஸ்பென்ஷன் அமுங்க, 'கர்ர்' என்று சத்தம். பதினைந்தாவது வளைவுக்குள், மட்கார்டின் உள்பக்கம் இருக்கும் ஃபெண்டர் லைனர் கிழிந்து தொங்கியது.

மழையில் நனைந்த மண் பாதையில் இறங்கியபோது அடுத்த பாடம். சக்கரம் ஃபெண்டருக்கு வெளியே நிற்பதால், வாரியடித்த சேறு முழுக்கக் கதவிலும் கண்ணாடியிலும் வந்து அப்பிக்கொண்டது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வருவது எதுவும் தெரியவில்லை.

அப்புறம் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. ஜிம்னியின் முன்பக்கம் ஒரே தண்டாக வரும் ஆக்சில். சக்கரம் எவ்வளவு வெளியே போகிறதோ, பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் ஸ்டியரிங்கை அவ்வளவு பலமாகத் திருகும். ரிம் விற்ற கடைக்காரர் "அலைன்மென்ட் பார்த்தா சரியாயிடும் சார்" என்றார். மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் பணம் கட்டினேன். வெளியே தள்ளி நிற்கும் சக்கரத்தை அலைன்மென்ட் உள்ளே கொண்டுவராது. பதினான்காம் மாதம் இடது முன் வீல் பேரிங் ஊளையிட ஆரம்பித்தது. பேரிங்கை மாற்றி, பழைய ரிம்மைத் திரும்பப் போட்ட நாளில் நடுக்கம் நின்றது.

ஆகவே வரிசையைத் தலைகீழாக்காதீர்கள். முதலில் டயர் அளவு. அப்புறம் அந்த டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம். இது டயர் கம்பெனியின் அட்டவணையிலேயே இருக்கும். அப்புறம் வண்டியோடு வந்த ஆஃப்செட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்க முடியும் என்று பாருங்கள். அழகு அதற்கும் பிறகு.

விட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்காதது

ஜிம்னியோடு வரும் டயர் 195/80 ஆர்15: அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் (சைடுவால்) உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம். அதன் விட்டம் 693 மில்லிமீட்டர். 215/75 போட்டால் ஏறக்குறைய 703. 235/75 என்றால் 733. எண்ணைக் கேட்டால் சின்ன வித்தியாசம் போலத்தான் தெரியும். ஆனால் இந்தக் கடைசி அளவு கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரிது. மீட்டர் 80 காட்டும்போது, பழைய டயரில் 85 என்று காட்டும் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். கிலோமீட்டரும் குறைத்துப் பதிவாகும், சர்வீஸ் தள்ளிப்போகும். தரை இடைவெளியில் கிடைப்பது என்னவோ விட்டத்தில் ஏறியதில் பாதி, அதாவது 20 மில்லிமீட்டர். அதற்காக 134 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள இன்ஜின், ஒவ்வொரு சிக்னலிலும் கூடுதல் எடையைச் சுற்றிவிட்டாக வேண்டும். பிரேக்கும் அதே எடையைத்தான் நிறுத்த வேண்டும்.

235/75க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் 6 அங்குலத்திலிருந்துதான் ஆரம்பம். ஜிம்னியின் 5.5 ரிம்மில் அது உட்காரக் கூடாது. நிறையப் பேர் உட்கார வைக்கிறார்கள். தினசரி ஓட்டத்துக்கு 215/75 போதும் என்பது என் முடிவு. பழைய ரிம்மிலேயே உட்காரும்.

அழகுக்காக 17 அங்குலம்

டயரின் வெளி விட்டம் மாறாமல் ரிம் மட்டும் பெரிதானால் சைடுவால் குறையும். 15 அங்குலத்தில் 156 மில்லிமீட்டர் இருக்கும் சைடுவால், 17 அங்குலத்தில் 130 ஆகிவிடும். கல்லில் ஏறும்போது காற்றைக் குறைத்து ஓட்டுவதற்கும், தார் ரோட்டுப் பள்ளத்தில் ரிம் வளையாமல் இருப்பதற்கும் அந்த ரப்பர்தான் காவல். மஹிந்திரா தார் வண்டியிலும் இதே கதைதான்: 245/75 ஆர்16 டயரில் 184 மில்லிமீட்டர் சைடுவால், 255/65 ஆர்18 டயரில் 166.

ஸ்பேசர்

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைத்து, சக்கரத்தை வெளியே தள்ளும் தகடு. வேண்டாம்.

நான்கு டயர் மட்டும் மாற்றுவது

ஐந்து வாங்குங்கள். ஸ்டெப்னி வேறு அளவில் இருந்து, அதை மாட்டிக்கொண்டு நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்-ஹையில் போட்டால், முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டையும் ஒன்றாகப் பூட்டியிருப்பதால் முறுக்கிக்கொள்ளும்.

பழைய ஸ்டாக்

சைடுவாலில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரித்தது. அப்படி ஒன்றைத் தள்ளுபடியில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

காற்றைப் பழைய அளவிலேயே அடிப்பது

கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவு, வண்டியோடு வந்த டயருக்கானது. அளவு மாறினால் அது ஆரம்பப் புள்ளி மட்டும்தான். பட்டறையில் அந்தத் தம்பிக்கு நான் செய்து காட்டியது இது: டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாக ஒரு கோடு போட்டு, நேரான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னேன். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு. அவருக்கு நடுவில்தான் அழிந்தது. இரண்டிரண்டு பிஎஸ்ஐயாகக் குறைத்து, மூன்றாவது தடவையில் கோடு முழு அகலத்துக்கும் ஒரே சீராக அழிந்தது. ரிம்மை அடுத்த வாரம் கழற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கம்பெனி ரிம் ஐந்தையும் விற்காமல் வீட்டில்தான் வைத்திருக்கிறாராம்.