உதவும் குணத்தை வளர்க்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் தன் வகுப்புச் சுவரில் 'உதவி அட்டவணை' ஒட்டிக்கொண்டிருந்தார். ஓர் உதவிக்கு ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஒரு பென்சில். எனக்குப் பகீரென்றது. இருபது வருடங்களுக்கு முன் இதே அட்டவணையை ஒட்டியவள் நான். அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

உதவிக்குப் பரிசு

என்னிடம் இருந்தது இரண்டாம் வகுப்பு. முதல் மாதம் அட்டவணை பிரமாதமாக ஓடியது. போர்டு துடைக்க, நோட்டு அடுக்க அடிதடிப் போட்டி. ஒருநாள் மதியம் ஒரு பையனின் டிபன் பாக்ஸ் கவிழ்ந்து தயிர்சாதம் தரையெல்லாம் கொட்டியது. பக்கத்தில் இருந்த சிறுமி எழுந்தாள். ஆனால் குனியவில்லை. என்னைப் பார்த்து, "மிஸ், இதுக்கு ஸ்டார் உண்டா?" என்றாள். பள்ளி திறந்த புதிதில், யாரும் சொல்லாமலே தன் சாப்பாட்டில் பாதியை அவனுக்குக் கொடுத்தவள் அவள். அவளை அப்படிக் கேட்க வைத்தது நான்தான். அட்டவணையைக் கழற்றிய பிறகும், "ஸ்டார் உண்டா" என்ற கேள்வி ஓய அந்த வருடம் முழுக்க ஆனது.

பின்னாளில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெகென், மைக்கேல் டொமசெல்லோ செய்த சோதனைகளைப் படித்தேன். 2006-ல் வெளியானது 18 மாதக் குழந்தைகளைப் பற்றியது. முன்பின் தெரியாத ஒருவர் துணி கிளிப்பைத் தவறவிட்டு எட்ட முடியாமல் திணறுவார். குழந்தை போய் எடுத்துக் கொடுக்கும். இப்படிப் பல வேலைகள் வைத்ததில், 24 குழந்தைகளில் 22 பேர் ஒருமுறையாவது உதவினார்கள். பரிசும் இல்லை, பாராட்டும் இல்லை. 2008-ல் 20 மாதக் குழந்தைகள். உதவிக்கு விளையாட்டுப் பொருள் வாங்கிப் பழகியவர்கள், அது நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். என் வகுப்பில் நடந்தது அப்படியே அங்கேயும்!

"ஷேர் பண்ணு" என்று பிடுங்கித் தருவது

மூன்று, நான்கு வயதில் தன் பங்கை விட மனம் வராது. சுவிட்சர்லாந்தில் பொருளாதார ஆய்வாளர் எர்ன்ஸ்ட் ஃபேர் குழுவினர் 2008-ல் வெளியிட்ட மிட்டாய்ச் சோதனையில், சமமாகப் பங்கிடும் எண்ணம் ஏழெட்டு வயதில்தான் வலுவாகத் தெரிந்தது. பொறுங்கள்.

வெறும் "குட் கேர்ள்"

அழும் பையனுக்கு ஒரு சிறுமி உதவினால், இப்படிப் பாராட்டுவதற்குப் பதில், "அவன் அழுகையை நிறுத்திட்டான் பாரு" என்று சொல்லிப் பாருங்கள். அவள் உங்களைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்ப்பாள்.

பிறந்தநாளுக்கு ஆதரவற்றோர் இல்லத்தில் போட்டோ

வேண்டாம். அங்கே இருப்பவர்களும் குழந்தைகள்.